சவுக்கு மேட்டுக்குக் குடிபோன ஓவர்சியர்

போன மாதம் ஒரு காலை, பொன்னேரியில் என் வீட்டு வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். சவுக்கு மேட்டுக் குப்பத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மீன் கொண்டு வருகிறவள். அன்று கூடை இல்லாமல் வந்திருந்தாள்.

"ஓவர்சியர் சாமி பூட்டாரு, சேவிகாம்மா," என்றாள். "நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லியாம். திருவள்ளூர்லேர்ந்து வந்த பஸ்ஸுல பேசிக்கினு இருந்தாங்க. குப்பத்துல எல்லாரும் கெளம்பிட்டாங்க. நீயும் வா."

கிராம சேவிகா என்ற என் பழைய உத்தியோகத்தையே அவர்கள் இன்னும் என் பெயராக வைத்திருக்கிறார்கள். ரெபேக்கா என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேனா என்று அவர்களுக்குச் சந்தேகம். புடவையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

நாங்கள் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். கோயில் குளத்துக்குப் பின்னால் அவர்களுடைய தெரு. குப்பத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே போகலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி வைதேகி அம்மாள் தானே வாசலுக்கு வந்தார். அந்த நிலையில் அவர் வாசலுக்கு வந்திருக்கக் கூடாது என்பது அங்கிருந்த முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"அங்க ஏன் வெயில்ல நிக்கறேள்? உள்ள வாங்கோ," என்றார். அஞ்சலையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அவரோடு வேலை பார்த்த நண்பர்கள் சிலர், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

வரதராஜன் என்பது முழுப் பெயர். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வரதன் சார். குப்பத்தில் ஓவர்சியர் ஐயர். ஐயங்கார் என்று திருத்திப் பார்த்துச் சலித்துப் போய், கடைசியில் ஐயர் என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். பரம்பரையாகப் பெருமாள் கோயிலில் ஊழியம் செய்கிற குடும்பம். அவருடைய தகப்பனார் மடைப்பள்ளியில் இருந்தார். இவர் ஒருவர்தான் டிப்ளமா படித்து, காக்கிக் கால்சட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டுகிற வேலைக்கு வந்தவர். "எங்க அப்பா பெருமாளுக்கு நேரத்துக்குத் தளிகை பண்ணினார். நான் சர்க்காருக்கு நேரத்துக்கு மதகு கட்டறேன். ரெண்டுலயும் நேரம்தான் முக்கியம்," என்று சொல்வார்.

சுலபமான மனிதர் இல்லை. இதை அவரை அறிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே, "தெரியும், தெரியும், நீ என்ன சொல்ல வரேன்னு தெரியும்," என்று அவரே அந்த வாக்கியத்தை முடித்துவிடுவார். பல சமயம் சரியாகவும் முடிப்பார். அதனால்தான் அந்தப் பழக்கம் போகவில்லை. பொடி போடுவார். தண்ணீர் என்றால் பயம். நீச்சல் தெரியாது. குப்பத்துக்குத் தோணியில் கடக்க வேண்டிய இடத்தில், பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். கரை தட்டியதும் எழுந்து எல்லாரையும் அதட்ட ஆரம்பிப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த யூனியனில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆரணிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. எங்கள் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். பால் பவுடர் கொடுப்பது, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது, புகையில்லா அடுப்பு போடக் கற்றுத் தருவது என் வேலை. அவருக்கு வீடு கட்டுகிற வேலை. இருவருக்கும் ஒரே குப்பம் வந்து சேர்ந்தது.

கீழ்த்திட்டு, பழவேற்காடு ஏரிக் கரையில், ஆரணி ஆறு வந்து கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மணல் திட்டு. பனையோலைக் குடிசைகள். திட்டுக்கு அடியில் கிளிஞ்சல் படுகை. சுண்ணாம்புக் காளவாய்க்காக ஒரு கான்ட்ராக்டர் கரை ஓரமெல்லாம் கிளிஞ்சல் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மீன் படாத மாதங்களில் குப்பத்து ஆட்களே அந்தக் கூலிக்குப் போனார்கள். கிளிஞ்சல் போன இடத்தில் மேலிருந்த மண் மெல்ல இறங்கியது. அஞ்சலையின் புருஷன் தேசப்பன்தான் குப்பத்துக்கு நாட்டாண்மை. அவர் முதல் நாளே எங்களிடம் சொன்னார்:

"மண்ணு உக்காந்துக்கினே போவுது, சாமி. எங்க நைனா காலத்துல ஏரிக்குப் போவணும்னா எறங்கிப் போவோம். இப்ப ஏரி நம்மளப் பாக்க ஏறி வருது."

வரதன் சார் அதை நம்பினார். நம்பாமல் இருக்க முடியாது. அங்கேயே வீடு கட்டுவதாகத்தான் உத்தரவு. காலையில் அஸ்திவாரத்துக்கு வெட்டிய பள்ளத்தில் மத்தியானத்துக்குள் தண்ணீர் ஊறி நின்றது. கடப்பாரையைக் குத்தினால் அதுவாகவே உள்ளே போனது. அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "இங்க ஒரு செங்கல்கூட வைக்க மாட்டேன்," என்றார். உள்பக்கமாக, கொஞ்ச தூரத்தில், சவுக்கு மேடு என்று ஓர் உயரமான மணல் மேடு இருந்தது. புறம்போக்கு. வீடுகளை அங்கே கட்ட வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் ஓடி ஓடி அனுமதி வாங்கினார். அதற்கு அவர் பட்ட பாடு சாதாரணமில்லை. ஒரே கோடைக்குள் ஓட்டு வீடுகள் வரிசையாக எழுந்தன.

திறப்பு விழாவுக்குக் குப்பம் முழுக்க வந்தது. பொங்கல் வைத்தார்கள், சாப்பிட்டார்கள், பெரிய மனிதர்கள் பேசியதைக் கேட்டார்கள். சாயங்காலம் எல்லாரும் எழுந்து கீழ்த்திட்டுக்கே போய்விட்டார்கள். ஒருவர்கூடக் குடிவரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. ஆடுகள் வீடுகளுக்குள் போய்ப் படுத்தன. மரம் வெட்டுகிறவர்கள் விறகை அடுக்கினார்கள்.

"வீட்டைக் கட்டிக் குடுத்தா குடிபோக மாட்டேங்கறாளே, இவாளுக்கு என்னதான் வேணும்?" என்று என்னிடம் கத்தினார். அவர்கள் சொல்லும் காரணங்களை நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். "தெரியும், தெரியும். சோம்பேறித்தனம்," என்று அவரே முடித்துவிட்டார். அந்தச் சமயம் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இடத்தை மாற்றச் சொன்னது அவர். மக்கள் வரவில்லை என்றால் பொறுப்பும் அவருடையது. ஆபீசில் சிலர் சிரித்தார்கள்.

அதற்கு அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் சவுக்கு மேட்டுக்கு ஒரு கட்டை வண்டி வந்தது. அதில் இரண்டு டிரங்குப் பெட்டி, அரிசி மூட்டை, பாத்திரங்கள், ஒரு துளசித் தொட்டி. வண்டிக்குப் பின்னால் வரதன் சார். அவருக்குப் பின்னால், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வைதேகி அம்மாள். அவர் கட்டிய வீட்டில் அவரே குடியேறிவிட்டார். நல்ல மனதோடு மட்டும் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி வீம்பு. வீடு குடியிருக்க லாயக்கானது என்று குப்பத்துக்கும் ஆபீசுக்கும் காட்டிவிட வேண்டும் என்று வந்தார்.

காட்ட முடியவில்லை. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கிணறு வெட்டியிருந்தது மேட்டின் பின்புறம், ரோட்டை ஒட்டி. லாரி வந்து சாமான் இறக்க அதுதான் தோது. அந்தத் தண்ணீர் உப்புக் கரித்தது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மேட்டை விட்டு இறங்கி, குப்பத்துப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டி மொண்டு வர வேண்டும். வைதேகி அம்மாள் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொதிக்கிற மணலில் போய் வந்தார். கால் கொப்பளித்துவிட்டது. வீட்டு வாசல்களெல்லாம் ரோட்டைப் பார்த்திருந்தன. ஏரிப் பக்கம் வெறும் சுவர். தோணி திரும்புகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லை. தோணி வருவது தெரியாவிட்டால் பெண்கள் மீனெடுக்க எப்படிப் போவார்கள்?

நான் போயிருந்த ஒரு நாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வைதேகி அம்மாள் மோரை ஊற்றிவிட்டு, சாதாரணக் குரலில் கேட்டார்:

"ஊருக்கெல்லாம் வீடு கட்டினேளே, தண்ணிக்கு எங்க போவான்னு யோசிச்சேளா?"

இந்தத் தடவை அவர் தெரியும் என்று சொல்லவில்லை. இலையை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சவுக்கு மரத்தடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "சேவிகாம்மா, அன்னிக்கு நீங்க என்னமோ சொல்ல வந்தேளே, இப்போ சொல்லுங்கோ," என்றார். நான் சொன்னேன். முழுதாகக் கேட்டார்.

ஊற்றங்கரையில்தான் வைதேகி அம்மாளுக்கும் அஞ்சலைக்கும் பழக்கம் உண்டானது. முதலில் தன் ஊற்றை மற்றவர்கள் தொடக் கூடாது என்று அந்த அம்மாள் தனியாகத் தோண்டிக்கொண்டார். தோண்டத் தெரியாமல் மண் சரிந்து சரிந்து மூடியது. அஞ்சலை சிரித்துவிட்டு, "ஐயரம்மா, நீ தள்ளு, நான் தோண்டிட்டு அந்தாண்ட போயிடறேன், அப்பறம் மொண்டுக்கோ," என்றாளாம். சில மாதம் அப்படியே நடந்தது. பிறகு ஒரு சமயம் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல். அஞ்சலை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். உள்ளே எடுத்துப் போகலாமா என்று வைதேகி அம்மாள் கொஞ்சம் யோசித்திருக்கிறார். பிறகு எடுத்துக்கொண்டு போய்க் குடித்தார்.

வரதன் சார் மேட்டின் அடிவாரத்தில், ஏரிப் பக்கம், உறைக் கிணறு இறக்கினார். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. மேட்டிலிருந்து தோணித் துறைக்கு நேராக ஒரு பாதை போட்டார். மண் கொட்டி உயர்த்தி, இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை அடித்தார். கட்டி முடித்துக் கணக்கு முடிந்த வீடுகளில், யாரிடமும் அனுமதி கேட்காமல், பின்சுவரை உடைத்து ஏரியைப் பார்க்கக் கதவு வைத்தார். முதலில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் வந்தார்கள். பிறகு அவர்களுடைய அக்கா தங்கைகள். அடுத்த வருஷத்துக்குள் குப்பத்தில் பாதிப் பேர் மேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

தேசப்பன் வரவில்லை. வரதன் சார் அவரிடம் எத்தனை தடவை போய்ப் பேசியிருப்பார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. இருவரும் நல்ல சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். தேசப்பன் கருவாடு சுட்டுத் தின்னும்போது இவர் காற்று அடிக்கிற திசை பார்த்துத் தள்ளி உட்கார்ந்து பொடி போடுவார். "மேட்டுல படுத்தா தண்ணி சத்தம் கேக்காது, சாமி. எனுக்குத் தூக்கம் வராது," என்பார் தேசப்பன். அவருடைய தகப்பனார் கட்டிய வலைக் கொட்டகை கீழ்த்திட்டின் நுனியில் இருந்தது. மொத்தக் குப்பத்து வலைகளும் அதில்தான் இருக்கும். அதை விட்டு நகர மாட்டார். அவரைப் பார்த்து மீதிப் பாதியும் நகரவில்லை.

அந்த ஐப்பசிக் கடைசியில் நான் பால் பவுடர் கொடுக்கப் போனவள், மழையில் பஸ் நின்றுபோய் மேட்டிலேயே வைதேகி அம்மாளோடு தங்கும்படி ஆயிற்று. ஆரணி ஆறு இரு கரையும் புரண்டு வந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்ததால் கடலுக்குப் போக வழியில்லாமல் ஏரி ஏறியது. விடிந்து கொஞ்ச நேரத்தில் அஞ்சலையின் மகள் மேட்டுக்கு ஓடி வந்தாள். வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை என்றாள். தரையிலிருந்து ஊறி வந்ததாம். அடுப்புக் குழிதான் முதலில் நிரம்பியதாம்.

வரதன் சார் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினார். நானும் பின்னால் போனேன். பாதை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதன் இரண்டு பக்கத்துக் கட்டைகளிலும் கயிறு கட்டச் சொன்னார். தண்ணீரைக் கண்டால் கண்ணை மூடுகிற மனிதர், முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பினார். கோழியைப் பிடிக்கத் திரும்பி ஓடியவர்களைத் திட்டிய திட்டில் குழந்தைகள் அழுதன. பிறகு அந்தக் கோழியையும் அவரே வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மத்தியானத்துக்குள் குப்பம் ஏறக்குறைய முழுதும் மேலே வந்துவிட்டது.

தேசப்பன் அஞ்சலையையும் மகளையும் அனுப்பிவிட்டு, வலைகளை எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தார். வலை போனால் அடுத்த நாள் ஜீவனம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் தடுக்கவில்லை. வரதன் சார் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் அந்தப் பக்கமாக நடந்து போய்க் கூப்பிட்டார். கொட்டகை வாசலில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தேசப்பன், கையை ஆட்டி, "நீ போ சாமி, உனுக்குத் தண்ணின்னா பயம். நான் பின்னாலயே வந்துக்கினு இருக்கேன்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வரதன் சார் திரும்பி நாலு எட்டு வைத்திருப்பார். நாங்கள் பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அலை ஒன்றும் வரவில்லை. கொட்டகைக்கு அடியில் இருந்த மண் உட்கார்ந்தது. ஒரு மூலை இறங்கியது, அப்புறம் மொத்தமும் அப்படியே உள்ளே போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நீச்சல் தெரியாத மனிதர் அதை நோக்கிப் பாய்ந்தார். இரண்டு பேர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் குதித்துத் தேடினார்கள். தேசப்பன் கிடைக்கவில்லை.

அன்று மேட்டில் இருந்த வீடுகளில் இடமில்லாமல் ஜனம் நிரம்பியிருந்தது. வைதேகி அம்மாள் தன் வீட்டு அரிசி மூட்டையைப் பிரித்துக் கஞ்சி காய்ச்சினார். குப்பத்துப் பெண்கள் அவருடைய அடுப்படியில் உட்கார்ந்து விறகு தள்ளினார்கள். அஞ்சலையை உள் அறையில் தன் பாயில் படுக்க வைத்திருந்தார். அவள் அழாமல் ஏரிப் பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு தேசப்பனின் உடலைத் தாழம்புதர் ஓரம் கண்டெடுத்தார்கள். காரியங்கள் முடிந்து சில நாளில், வரதன் சார் என்னையும் அழைத்துக்கொண்டு அஞ்சலையிடம் போனார். அவள் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த வலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் குப்பத்து ஜனம் இருந்தது. அவர் நின்றபடியே பேசினார்.

"அஞ்சலை, தப்பு என்னோடது. முதல்ல வீட்டைக் கட்டிட்டேன், அப்புறம்தான் கேட்டேன். கேட்டுக் கட்டியிருந்தா எல்லாரும் அப்பவே மேல வந்திருப்பேள்."

அஞ்சலை வலையைக் கீழே வைத்தாள்.

"அப்பறமும் அவரெத்தான் கேட்டே, சாமி," என்றாள். "எத்தினி வாட்டி வந்து கேட்டே. அவரு மாட்டேன்னாரு, நீ போயிட்டே. என்னெ ஒரு வாட்டி கேட்டியா? நான் வரேன்னு சொல்லியிருப்பேன். நான் வந்திருந்தா அவரும் பின்னால வந்திருப்பாரு."

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. வரதன் சார் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "ஆமாம், கேக்கலை," என்று மட்டும் சொன்னார். அவள் மறுபடி வலையைக் கையில் எடுத்த பிறகுதான் நகர்ந்தார்.

மீதிக் குப்பமும் அந்த வருஷமே மேட்டுக்கு வந்தது. வலைக் கொட்டகையை மேட்டின் அடிவாரத்தில் போட்டுக் கொடுத்தார். கிளிஞ்சல் கான்ட்ராக்டர் வேறு கரைக்குப் போய்விட்டார். வேறு ஒரு குப்பத்து மண் இறங்க ஆரம்பித்திருக்கும். அனுமதியில்லாமல் சுவர் உடைத்ததற்கு வரதன் சாருக்கு மெமோ வந்தது. அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஆபீசில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தபோது அவரை அங்கே மாற்றினார்கள். நான் மேற்பார்வை சேவிகாவாகி அதே பக்கம் போய்வந்தேன். அவரோடு மறுபடி வேலை செய்யக் கிடைத்தது. நேற்று வரை நாற்று நட்டவர்கள் ஆலைக்கு ஷிப்டுக்குப் போனார்கள். அவர்களுக்காகத் தாழ்வான இடத்தில் காலனி எழுந்தது. அங்கே நான் பார்த்த வரதன் சார் வேறு மனிதர். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் எந்த வேலையானாலும் டேப்பை எடுக்கும் முன்னால் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே நிற்கும், நின்றால் எத்தனை நாள் நிற்கும் என்று பெண்களிடம் கேட்பார். நடுவில் குறுக்கிட மாட்டார். பெரியவர்களும் ஆண்களும் கூடிப் பேசி முடித்த பிறகும் வரைபடத்தைச் சுருட்டாமல், "இங்கே யாரைக் கேக்காம விட்டோம்?" என்பார். மற்ற ஓவர்சியர்கள் அவருக்குக் குழாயடி ஓவர்சியர் என்று பேர் வைத்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

கேட்டதால் எல்லாம் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலனிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை லாரி லாரியாக மண் கொட்டித் தன் நிலத்தை உயர்த்திக்கொண்டது. வாய்க்கால் அடைபட்டது. அதைத் திறக்க வேண்டும் என்று அவர் பல கதவுகளைத் தட்டினார். நடக்கவில்லை. அடுத்த மழையில் காலனிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு பெண் வாசலில் நின்றுகொண்டு, "நாங்கதான் அப்பவே சொன்னோமே, சார்," என்றாள். "சொன்னேள். நான் போய் அங்க சொன்னேன். என் பேச்சு எடுபடலை," என்றார். அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை திருவள்ளூரில் போய்ப் பார்த்தேன். உடம்பு இளைத்திருந்தார். ஆபீஸ் விஷயமெல்லாம் கேட்டுவிட்டு, திடீரென்று, "தேசப்பன் சிரிச்சிண்டே போகச் சொன்னான், ரெபேக்கா. நான் போயிட்டேன்," என்றார். என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். வைதேகி அம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் தேசப்பனைப் பற்றிப் பேசினோம். கடைசியாக நான் அவரைப் பார்த்தது அதுதான்.

அவர் கட்டிய மதகுகளும் பள்ளிக்கூடங்களும் இந்த வட்டாரத்தில் ஆங்காங்கே நிற்கின்றன. சிலவற்றில் பெயிண்ட் உரிந்துவிட்டது. அவற்றைப் பார்த்தால் அவர் நினைவு வரும், அவ்வளவுதான். என் சர்வீசில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். தப்பு என்னோடது என்று, யாரும் கட்டாயப்படுத்தாமல், ஜனங்கள் நடுவில் நின்று சொன்னவர் அவர் ஒருவர்தான். சொன்னதோடு முடிந்தது என்று அவர் போய்விடவில்லை. அஞ்சலை திருப்பிச் சொன்னதையும் கேட்டார். பாக்கி நாளெல்லாம் அதன்படி நடக்கப் பார்த்தார். எனக்கு மிஞ்சியது அதுவும், அவருடைய அந்தக் கேள்வியும்தான்.

போன வாரம் பெரியபாளையத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஊரில் ஏரிக்கரையை உயர்த்துவது பற்றிக் கூட்டம். ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள், புதிதாக வந்திருக்கும் என்ஜினீயர் பேசினார், எல்லாரும் சரி என்றார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் நான் எழுந்து, இங்கே யாரைக் கேட்காமல் விட்டோம் என்று கேட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உட்காராமல் காத்திருந்தேன்.